எந்த டன்?

சரக்கு அனுப்பும் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் நான் சேர்ந்த முதல் வருடம் அது. இயந்திரங்களின் எடையைக் கிலோவுக்கு மாற்றி எழுதுவது என் வேலைகளில் ஒன்று. பெருக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் பழைய அச்சு இயந்திரம் ஒன்றின் தாள் வந்தது. எடைக்கான இடத்தில் 12-7-3-10 என்று நான்கு எண்கள். மேலே டன், ஹண்ட்ரட்வெயிட், குவார்ட்டர், பவுண்ட் என்று தலைப்பு. கணினியில் இருந்த மாற்றுக் கருவியில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கூட்டினேன். 11,242 கிலோ வந்தது. அதை நம்பி 12,000 கிலோ வரை தூக்கும் கிரேனை ஏற்பாடு செய்தார்கள்.

இயந்திரம் தரையை விட்டுக் கிளம்புவதற்குள் கிரேனின் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. ஓட்டுநர் உடனே நிறுத்தினார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் சற்றுத் தள்ளி நான்கு பேர் நின்றிருந்தார்கள். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

மேற்பார்வையாளர் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "கூட்டல் பெருக்கல் எல்லாம் சரிதான் தம்பி. எந்த டன்னை எடுத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். டன்னில் வகை உண்டு என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

பிரிட்டன் முறையில் ஒரு டன் என்பது 2,240 பவுண்ட். அமெரிக்க முறையில் 2,000 பவுண்ட். மெட்ரிக் டன் 1,000 கிலோ, அதாவது ஏறக்குறைய 2,204.6 பவுண்ட். ஹண்ட்ரட்வெயிட்டிலும் இதே தகராறு. பெயரில் நூறு இருந்தாலும் பிரிட்டன் கணக்கில் அது 112 பவுண்ட். 14 பவுண்ட் ஒரு ஸ்டோன், எட்டு ஸ்டோன் ஒரு ஹண்ட்ரட்வெயிட், அப்படி இருபது சேர்ந்தால் ஒரு டன் என்று ஏறும் வரிசை அது. அமெரிக்கக் கணக்கில்தான் நூறு என்றால் நூறு. என் கருவி அமெரிக்க அளவைத் தானாக எடுத்துக்கொண்டது. இயந்திரமோ பிரிட்டனில் செய்தது. (ஹண்ட்ரட்வெயிட்டுக்கு அந்தர், பவுண்டுக்கு ராத்தல் என்று தமிழிலேயே பழைய சொற்கள் இருக்கின்றன. எனக்கு அந்தச் சொற்கள் பிடிக்கும். ஆனால் அவையும் எந்த நாட்டு அளவு என்று சொல்வதில்லை.)

அவர் அன்று கற்றுக்கொடுத்த வழியைத்தான் இன்றும் பின்பற்றுகிறேன். முதலில் எல்லாவற்றையும் பவுண்டுக்கு இறக்க வேண்டும். 12 டன்னுக்கு 26,880. 7 ஹண்ட்ரட்வெயிட்டுக்கு 784. 3 குவார்ட்டருக்கு, ஒன்று 28 வீதம், 84. மீதி 10. மொத்தம் 27,758 பவுண்ட். அதன்பிறகு ஒரே ஒரு முறை 0.45359237 ஆல் பெருக்க வேண்டும். 12,591 கிலோ. நான் எழுதியதைவிட 1,300 கிலோவுக்கு மேல் அதிகம்!

அந்த நீளமான எண் தோராயம் கிடையாது. 1959இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து ஒரு பவுண்ட் என்றால் சரியாக 0.45359237 கிலோ என்று ஒப்புக்கொண்டன. அதனால்தான் பவுண்டுக்கு வந்துவிட்டால் எனக்கு நிம்மதி. 2.2 ஆல் வகுத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். இதே இயந்திரத்துக்கு அப்படி வகுத்தால் 26 கிலோ கூடுதலாக வரும். விடை ஏறத்தாழ சரியா என்று மனக்கணக்காகப் பார்க்க அது போதும், ஆவணத்தில் எழுதப் போதாது.

அலகு எழுதாத எண் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு 1983இல் ஏர் கனடா விமானத்துக்கு நடந்ததைத்தான் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். 22,300 கிலோ எரிபொருள் தேவை. லிட்டரை எடையாக மாற்ற 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்தினார்கள். அது ஒரு லிட்டருக்கு இத்தனை பவுண்ட் என்ற எண். கிலோவுக்கானது ஏறக்குறைய 0.8. தேவையானதில் பாதிகூட இல்லாமல் கிளம்பிய விமானத்தின் இரண்டு என்ஜின்களும் நடுவானில் நின்றுபோயின. கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் விமானி அதை மிதக்கவிட்டே இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். அங்கேயும் பெருக்கலில் தப்பு இல்லை, அலகில்தான் தப்பு.

அப்புறம் அவுன்ஸ். வெள்ளி கலந்த பாகங்களின் பட்டியல் வந்தால் இன்னும் நிதானமாகப் படிக்கிறேன். சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம், விலையுயர்ந்த உலோகங்களுக்கான டிராய் அவுன்ஸ் 31.10 கிராம். டிராய் அவுன்ஸ்தான் கனம். ஆனால் டிராய் பவுண்டில் 12 அவுன்ஸ்தான், சாதாரண பவுண்டில் 16. அதனால் பவுண்ட் என்று வரும்போது டிராய்தான் லேசு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது கிரெய்ன் என்ற மிகச் சிறிய எடை அலகு ஒன்றுதான்: சாதாரண அவுன்ஸில் 437.5, டிராய் அவுன்ஸில் 480.

இப்போது எடையில் வெறும் 'டன்' என்று இருந்தால் கால்குலேட்டரைத் தொடுவதில்லை. எந்த டன் என்று கேட்டு அனுப்பியவருக்கு எழுதுகிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது, பரவாயில்லை. பதில் வராவிட்டால், சரக்கை முதலில் எடைமேடையில் ஏற்றிவிட்டு வரச் சொல்கிறேன்.