இரவு இரண்டு மணிக்கு ஆர் எழும்புறது?

பாயும் படுக்கையுமான ஒருவரைப் பார்க்கிற வீட்டில் முதலில் பறிபோவது பார்ப்பவரின் நித்திரை. தானாகப் புரள இயலாதவரை, படுக்கைப்புண் வராமலிருக்க, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்ற வேணும். வெள்ளிக்கிழமைக் கோணேசர் கோயில், கலியாண வீடு எல்லாம் அந்தக் கணக்குக்குப் பிறகுதான்.

ஒரேயடியாக முழுப் பக்கவாட்டில் சரிக்க வேண்டாம். இடுப்பெலும்பு மெத்தையில் குத்தும். முதுகுக்குத் தலையணை அண்டைகொடுத்து 30 பாகை அளவில் சரித்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. குதிக்கால் மெத்தையில் முட்டக்கூடாது. கக்கத்தில் கைகொடுத்து மேலே இழுப்பதுதான் பெரிய கேடு, தோல் உரஞ்சிப் பிய்யும். அடியில் மடித்த பெட்சீற் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

துடைக்கும்போது நாரியின் அடி, குதிக்கால், காதுமடல் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அமத்தி எடுத்தால் வெளுக்க வேணும். வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. எங்கள் கறுத்த தோலில் சிவப்புத் தெரியாமலே போகும். சூடாகவோ கட்டியாகவோ, ஊதா ஓடியோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். எண்ணெய் பூசித் தேய்த்தால் இன்னும் மோசமாகும். நடுவில் ஓட்டையுள்ள வளையமும் வேண்டாம், சுற்றிவர அமத்தி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

திருகோணமலையில் கச்சான் என்கிற வெக்கைக் காற்று வீசும் காலத்தில் றெக்சின் விரிப்புக்கு மேல் வியர்வை தேங்கித் தோல் ஊறும். மேலே பருத்திச் சீலையை மடித்துப் போட்டு, நனைந்தவுடன் மாற்றுங்கள்.

கஞ்சி நிமிர்த்தி இருத்தித்தான் கொடுக்க வேணும், குடித்த பிறகும் அரை மணித்தியாலம் அப்படியே. புரையேறி நெஞ்சுக்குள் போனால் நியூமோனியா வரும். "காணும்" என்றால் நிறுத்துங்கள். கோப்பை காலியாக வேணும் என்பது எங்கள் ஆசை, அவருடையது அல்ல.

"நானே பார்க்கிறன்" என்று ஒருத்தி மட்டும் நின்றால் அவளின் நாரியும் போகும், பிறகு கட்டிலில் இருப்பவருக்கும் ஆளில்லை. பெரும்பாலும் அது மகள் அல்லது மருமகள்; ஆண்பிள்ளைகள் "அம்மா எப்படி?" என்று வாசலில் கேட்டுவிட்டுப் போவார்கள். பத்து முதல் இரண்டுவரை ஒருவர், இரண்டு முதல் ஆறுவரை மற்றவர். வெளிநாட்டு அண்ணன் அனுப்பும் காசில் கிழமைக்கு இரண்டு இரவாவது கூலிக்கு ஆள் பிடிக்கலாம்.

கட்டில் காலில் ஒரு கொப்பியைக் கட்டித் தொங்கவிடுங்கள். நேரம் எழுதி, பக்கத்தில் "வ", "இ", "மு": வலம், இடம், முதுகு. இரண்டு மணிக்கு எழும்புபவர் அதைப் பார்த்தால் போதும், அப்போதுதான் கண்ணயர்ந்தவரைத் தட்டி எழுப்பிக் கேட்கத் தேவையில்லை.