போயாவும் நாலு போத்தலும்

போயாவன்று (பௌர்ணமி விடுமுறை) இலங்கை முழுக்க மதுக்கடைகள் பூட்டு, அதனால் முதல் நாளே வாங்கி வைத்துவிட்டோம். வெள்ளவத்தையில் மச்சான் ஒருவன் வீட்டு மொட்டை மாடி, ஐந்து பேர், லேபிள் தெரியாமல் பேப்பர் சுற்றிய நாலு பியர் போத்தல்.

முதலாவது சாதாரண லாகர், அதை விடுங்கள். கோதுமை பியரில் வாழைப்பழமும் கராம்பும் மணத்தது. அது ஈஸ்ட்டின் வேலை, பழம் எதுவும் போடவில்லை என்றால் ஒருவரும் நம்பவில்லை. ஐ.பி.ஏ. (ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ தூக்கலாகப் போட்ட பியர்) எனக்குப் பாகற்காய்க் கறிதான், ஆனால் பக்கத்தில் இருந்தவன் ஹாப்ஸில் தோடம்பழத் தோல் வாசம் என்று கண்ணை மூடி ரசித்தான் (ரசிக்கட்டும்). உறைப்புக் கடலையோடு அதைக் குடித்தால் நாக்கு இன்னும் எரியும், சொன்னேன், கேட்கவில்லை.

கடைசிப் போத்தல்தான் விஷயம். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வெறும் கசப்பு, அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு வறுத்த கோப்பி, கருப்பட்டி, சொக்லேட் என்று ஒவ்வொன்றாக வந்தது. நிச்சயம் பெல்ஜியம் என்று பந்தயம் கட்டினேன். பேப்பரைக் கிழித்தால் லயன் ஸ்டவுட் என்ற கறுப்பு பியர், 8.8 சதவீதம் அல்கஹோல், நம்ம பியகமவில் காய்ச்சுவது! சரி, அடுத்த முறை செலவு என்னுடையது.