பன்னிரண்டாவது முறைதான் வாட்டல் சரியாக வந்தது

நேற்று சாயங்காலம் என் கையால் செய்த தேயிலை முதல்முறையாகத் தேயிலை மாதிரி மணத்தது. பச்சைக் கொழுந்து 600 கிராம், வாட்டிய பிறகு, அதாவது உருட்டுவதற்கு முன் பரப்பிவைத்து ஈரம் இறங்கவிட்ட பிறகு, 305, காய்ந்த பிறகு 131. போன வருடம் மே மாதத்திலிருந்து எழுதிவரும் கொப்பியில் இது பன்னிரண்டாவது தடவை. முன்னால் செய்த பதினொன்றில் ஒன்றைக்கூட இரண்டாவது வாய் குடிக்க முடியவில்லை.

கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்றவன் நான். 2020 மார்ச் 20 அன்று நாடு முழுக்க ஊரடங்கு போடுவதற்கு முதல் நாள், மலையகத்தில் இருக்கும் ஹட்டனுக்கு, வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கடை திரும்பத் திறந்தபோது ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் வேலை நிற்கவில்லை, ஊரடங்கிலும் மலையில் கொழுந்து பறிப்பு நடந்தது. அம்மா கூடையோடு ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. ஏப்ரலில் கொழும்புத் தேயிலை ஏலத்தை இணையத்தில் நடத்துகிறார்கள் என்று செய்தி வந்தது. 1883இல் ஏலம் தொடங்கிய பிறகு அப்படி நடப்பது அதுதான் முதல் தடவை. அதைப் பேசிக்கொண்டிருந்தபோது, "நீங்க பறிச்ச கொழுந்தைத் தனியாக் குடிச்சுப் பார்த்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"அதெப்படிடா? ஸ்டோருக்குப் போனா எல்லாம் ஒண்ணாத்தானே கலக்குது."

ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. அம்மா முப்பத்திரண்டு வருடம் பறித்தவர். அந்தப் பதில் எனக்குள்ளேயே நின்றுவிட்டது.

சித்தப்பா ஓய்வு பெற்ற பிறகு வாங்கிய பத்து பேர்ச் (ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) நிலத்தின் வேலியோரம் 22 தேயிலைச் செடி நிற்கிறது. கொழுந்து அங்கிருந்துதான். பறிப்பது அம்மா, வாரத்துக்கு ஒருதடவை, ஞாயிற்றுக்கிழமையில்.

உருட்டுவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை தொடங்கிய காலத்தில், பங்களா வராந்தாவில் மேசை போட்டுக் கையாலேயே உருட்டி, மண் அடுப்பில் கரித்தணல் போட்டுக் காயவைத்திருக்கிறார்கள். மெஷின் இல்லாமல் செய்ய முடியும் என்ற தைரியம் அதிலிருந்துதான் வந்தது. உருட்டல் இரண்டு மூன்று தடவையில் கைக்கு வந்துவிட்டது. என்னை மாதக்கணக்கில் அலைக்கழித்தது வாட்டல்.

பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். எடை ஏறக்குறைய பாதியாகும்வரை அது மெதுவாக, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறங்க வேண்டும். முதல் தடவை எட்டு மணி நேரத்தில் அவசரப்பட்டு எடுத்து உருட்டினேன். பச்சைச் சாறு விரலிடுக்கில் வழிந்தது, குடித்தால் புல் வாடை. அடுத்தது வெயிலில் வைத்தேன். இலை ஓரம் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது, காம்பு மட்டும் பச்சையாகவே இருந்தது. அடுப்புக்கு மேல் பரணில் வைத்ததில் விறகுப் புகை ஏறிவிட்டது. ஜூன், ஜூலை மழையில் செய்ததெல்லாம் வீண். முப்பது மணி நேரம் வைத்தும் எடை இறங்கவில்லை, இலை கிடந்த இடத்திலேயே சிவந்துவிட்டது. மிஸ்ட் இறங்கிய நாளில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது, இலையின் ஈரம் எங்கே போகும்?

சித்தப்பா ஸ்டோரில் வாட்டும் மாடியில் வேலை செய்தவர். என் கொப்பியை முழுக்கப் பொறுமையாக வாசித்தார். அப்புறம், "மணிக்கணக்கை எழுதியிருக்கே தம்பி, கையில என்ன தெரிஞ்சதுன்னு ஒரு இடத்துலயும் எழுதலயே" என்றார். அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான். ஒரு பிடி இலையை எடுத்து இறுக்கி மூட வேண்டும். கையைத் திறந்தால் இலை துள்ளி விரியக் கூடாது, உருண்டையாக நின்று பிறகு மெல்ல அவிழ வேண்டும். காம்பை வளைத்தால் 'டிக்' என்ற சத்தம் வரக் கூடாது. மூக்கில் புல் வாடை போய், பழ வாடை மாதிரி ஒன்று வர வேண்டும்.

இன்னொரு பிழையையும் அவர்தான் கண்டுபிடித்தார். நான் சுளகில் பரப்பி வைத்திருந்தேன், அடியில் காற்றுப் போக வழியில்லை. பழைய கொசுவலையை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, நான்கு செங்கல் மேல் உயர்த்தி வைத்தேன். அந்த ஒரு மாற்றமே பெரிய வித்தியாசம். கிளறும்போது இலை கசங்கக் கூடாது, கசங்கிய இடம் முதலில் சிவந்துவிடும். அதனால் வலையை இரு பக்கமும் தூக்கி இலையை மெல்லப் புரட்டுகிறேன்.

தராசு பற்றி ஒரு வார்த்தை. ஹட்டன் பஜாரில் 1,850 ரூபாய்க்கு வாங்கிய டிஜிட்டல் தராசு இல்லாமல் இதைச் செய்திருக்கவே முடியாது. தணலில் காயவைக்கக் கம்பி வலைத்தட்டு மட்டும் சரியாகக் கிடைக்கவில்லை. கடையில் விற்பது சூட்டில் வளைகிறது. நாவலப்பிட்டியில் தகர வேலை செய்யும் ஒருவரிடம் அளவு கொடுத்திருக்கிறேன்.

சரி, பன்னிரண்டாவது. ஜனவரி பிறந்ததும் இந்தப் பக்கம் மழை விட்டுக் குளிர்ந்த உலர்காற்று தொடங்கியது. ஹட்டனைச் சுற்றியிருக்கும் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுப்பதே இந்த மாதங்கள்தான். ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்குப் பரப்பினேன். இரவு பதினொன்றுக்கும் மூன்றுக்கும் எழுந்து புரட்டினேன். காலை பத்து மணிக்குப் பிடித்துப் பார்த்தபோது உருண்டை கையில் நின்றது. சித்தப்பாவிடம் ஓடினேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "உருட்டு" என்றார்.

முக்கால் மணி நேரம் உருட்டினேன். உருட்டிய இலையை நிறம் மாறுவதற்கு ஈரத்துணியால் மூடிவைத்தேன், குளிருக்கு அது மெதுவாகத்தான் மாறியது. ஈரத்துணிக்கு அடியில் மூன்று மணி நேரம் போனதும் புதுச் செப்புக்காசு நிறம். தணலில் இரண்டு தடவையாகக் காயவைத்தேன்.

முதல் கோப்பையை அம்மாவுக்குக் கொடுத்தேன். குடிப்பதற்கு முன் கேத்தலில் ஊறிய இலை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் விரித்தார். இரண்டு இலையும் மொட்டும் முழுசாக இருந்தன. காம்பு நுனியைத் தொட்டு, "நான் ஒடிச்ச இடம் அப்படியே தெரியுது பாரு" என்றார். அப்புறம் சீனி போடாமல் முழுக் கோப்பையையும் குடித்தார், எதுவும் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

மிச்சம் ஹோர்லிக்ஸ் போத்தலில் இருக்கிறது, இரண்டு வாரம் வைத்துக் குடித்துப் பார்க்க வேண்டும். பச்சைத் தேயிலை (கிரீன் டீ) செய்யும் ஆசையும் வந்துவிட்டது. அதற்கு இரும்புச் சட்டி வேண்டும், பெரியம்மா வீட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது. ஆனால் முதலில் இந்த வாட்டலை இன்னொரு தடவை இதே மாதிரி எடுக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். அடுத்த ஞாயிறு வரை மழை வராமல் இருக்க வேண்டும்.