ஹலோ வேர்ல்டை வைரஸ் என்று சொன்ன லேப்டாப்

"மாமா, நான் எழுதுன ப்ரோக்ராம் வைரஸாமா!"

அக்கா மகள் போனில் இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிசிஏ சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. சி மொழியில் முதல் ப்ரோக்ராம். திரையில் ஹலோ வேர்ல்ட் என்று ஒரு வரி வர வேண்டும், அவ்வளவுதான். எழுதியதைக் கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய ஃபைலாக மாற்ற, அதாவது கம்பைல், செய்ததும் ஏ டாட் எக்ஸ்இ என்று ஒரு ஃபைல் வந்திருக்கிறது, வந்த வேகத்தில் காணாமலும் போயிருக்கிறது. தான்தான் எங்கோ அரைப்புள்ளி விட்டுவிட்டோம் என்று நினைத்து நான்கு முறை திருப்பித் திருப்பி அடித்துப் பார்த்திருக்கிறாள். ஐந்தாவது முறைதான் வலது மூலையில் எட்டிப் பார்த்த சிவப்புப் பெட்டியை ஒழுங்காகப் படித்தாள். ஆபத்தான ஃபைல் ஒன்றைப் பிடித்து அடைத்துவிட்டோம், உங்கள் இலவசக் காலம் முடிய இன்னும் 9 நாள், இப்போதே கட்டினால் பாதி விலை என்று அதில் இருந்தது.

கடையில் வாங்கும்போது "ஆன்டிவைரஸ் ஒரு வருஷம் ஃப்ரீ" என்றுதான் சொன்னார்களாம். பார்த்தால் 30 நாள்.

அவள் எழுதியதில் தப்பே இல்லை. ஆன்டிவைரஸ்கள் தெரிந்த வைரஸ்களின் பட்டியலை மட்டும் பார்ப்பதில்லை. உலகத்தில் வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் இதுவரை கண்ணில் படாத எக்ஸ்இ ஃபைல் என்றால் சிலது அதற்கே சந்தேகப்படும். இப்போதுதான் பிறந்த ஃபைலை வேறு யார் பார்த்திருப்பார்கள்? ப்ரோக்ராம் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு இது தினமும் வரப்போகிற தலைவலி. "ஞாயித்துக்கிழமை வர்றேன், அதுவரைக்கும் எதையும் அமுக்காதே" என்று சொல்லி வைத்தேன்.

திருப்பூரிலிருந்து ஈரோடு போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஆபீஸில் ஏழெட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பதும் என் தலையில் விழுந்ததால் பழகிய கை, அவ்வளவே.

லேப்டாப் 46,000 ரூபாய். 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. ஆன் செய்து எதையும் திறக்காமல் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 8 ஜிபியில் 5.7 ஜிபி போயிருந்தது. ஆன் ஆனதும் தானாகக் கிளம்புகிறவற்றின் பட்டியலில் பதினேழு பேர். "512ன்னு சொல்லிட்டு 476 தான் காட்டுது, கடைக்காரன் ஏமாத்திட்டானா மாமா?" என்று கேட்டாள். அது ஏமாற்று இல்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆக வகுக்கிறது. ஒரே இடத்துக்கு இரண்டு அளவுகோல்.

நேராக அன்இன்ஸ்டாலில் இறங்கவில்லை. முதலில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தேடினேன். விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்தால் பெரும்பாலும் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும். நமக்குத் தெரியவே தெரியாது. ஏதாவது கோளாறாகி ஒரு நாள் நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்கும்போதுதான் தெரியும். அந்த எண் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும்.

"உன் கணக்கோட பாஸ்வேர்டு என்ன?"

"எந்தக் கணக்கு?"

அங்கேதான் அன்றைய உண்மையான வேலை ஆரம்பித்தது. லேப்டாப் திறப்பதற்கு அவளுக்கு நாலு இலக்க பின் மட்டும்தான் தெரியும். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் அவள் பெயரோடு ஏதோ எண்களைச் சேர்த்து ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. கடையில் "எம்எஸ் ஆபீஸ் ஆக்டிவேட் பண்ணித் தர்றோம்" என்று சொல்லி, அங்கிருந்த பையன் அவனாகவே ஒரு கணக்கை உருவாக்கி எல்லாவற்றையும் அதில் கட்டிவைத்துவிட்டான். டிஸ்க்கின் சாவி அந்தக் கணக்கில். லேப்டாப்போடு சேர்த்துக் காசு கொடுத்து வாங்கிய ஆபீஸ் ஹோம் அண்டு ஸ்டூடன்ட் உரிமமும் அந்தக் கணக்கில். இவள் கையில் நாலு எண் மட்டும்.

கடைக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம். மூன்றாவது முறைதான் எடுத்தார்கள். "அதுங்களாண்ணா, பசங்க எழுதி வெச்சிருப்பாங்க, வாட்ஸப்ல அனுப்பறேன்" என்றார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு நோட்டுப் பக்கத்தின் போட்டோ வந்தது. அதில் இவளுடையது மட்டுமா இருந்தது, மேலும் கீழும் இன்னும் ஆறு பேருடைய முகவரிகள். ஏழு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. கடைப் பெயரோடு 123. கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது, வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதுதான். இருந்தாலும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. போட்டோவை அழித்துவிட்டு, பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு எண்ணாக இருந்த கடை நம்பரை எடுத்துவிட்டு இவள் நம்பரையும் இவள் மின்னஞ்சலையும் போட்டோம். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் பட்டனையும் அழுத்தினோம். பிறகுதான் சாவி கிடைத்தது. ஆறு ஆறாக எட்டுக் கட்டு எண்கள். அவள் வாசிக்க வாசிக்க அக்கா ரேஷன் கார்டு வைத்திருக்கும் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

புது லேப்டாப் வாங்குகிறவர்களிடம் நான் இப்போது முதலில் கேட்பது இதைத்தான். டிரையல் சாஃப்ட்வேர் கிடக்கட்டும், கணக்கு யாருடையது?

சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ். பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கினால் ஒரு வசதி உண்டு. ஃபேக்டரியில் ஏற்றியவற்றில் நிறைய ஒரே தேதியில் கும்பலாக நிற்கும். அதிலும் கண்ணை மூடிக்கொண்டு கை வைக்கக் கூடாது. இன்டெல், ரியல்டெக் என்று ஆரம்பிப்பவை லேப்டாப்பின் பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர்கள், தொடவில்லை. விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்று வருடம் வருடமாக ஐந்தாறு வரிகள் நிற்கும். ஒன்றே பலமுறை ஏறிவிட்டது போலத் தோன்றும், ஆனால் வேறு சாஃப்ட்வேர்கள் அதில்தான் காலூன்றி நிற்கின்றன. லேப்டாப் கம்பெனியின் சொந்த ஆப் ஒன்றையும் விட்டேன். லேப்டாப்பை எழுப்பிவிடும் அடிப்படை சாஃப்ட்வேரான பயாஸின் அப்டேட் அதன் வழியாகவும் வருகிறது, பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியும் அதில்தான்.

மைக்ரோசாஃப்ட் 365 என்று ஆபீஸுக்கே நான்கு வரிகள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ். ஈரோட்டில் பிசிஏ படிக்கும் பெண்ணுக்குப் போர்ச்சுகீஸ் எதற்கு என்று அவளே சிரித்தாள். மொழிக்கு ஒன்றாகத் தனித்தனியே எடுக்க வேண்டும். ஆனால் அவசரப்பட்டு ஆங்கிலத்தையும் எடுத்துவிடக் கூடாது. முதலில் வேர்டைத் திறந்து, ஃபைல், அக்கவுன்ட் பக்கம் போய் எந்த உரிமத்தில் ஓடுகிறது என்று பார்த்தேன். ஹோம் அண்டு ஸ்டூடன்ட் என்று இருந்தது. காசு கொடுத்தது, அதனால் அது தங்கியது. என் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் இதையும் டிரையல் என்று நினைத்து எடுத்துவிட்டு, எந்தக் கணக்கில் இருந்தது என்றும் தெரியாமல் மறுபடி சந்தா கட்டிக்கொண்டிருக்கிறார்.

மற்றவை போயின. ஒரு பிடிஎஃப் டிரையல், ஒரு விபிஎன் டிரையல், வீடியோ எடிட்டர் ஒன்று (ஏற்றுமதி செய்தால் நடுவில் அவர்கள் முத்திரை விழும்), கிளவுட் சேமிப்பு ஒன்று, விளையாட்டுகள் ஐந்து, ஷாப்பிங் தளத்துக்கு வெறும் குறுக்குவழி ஒன்று.

அக்கா காபி டம்ளரோடு வந்து நின்று கேட்டாள்: "புதுசுலயே எதுக்குக் கண்ணு இத்தன குப்பையப் போட்டுத் தர்றாங்க?"

லேப்டாப் விற்பதில் கிடைக்கும் லாபம் குறைவு, இதை ஏற்றித் தருவதற்கு அந்தந்தக் கம்பெனிகள் தரும் காசு கூடுதல் வரும்படி என்று சொன்னேன். 2008இல் சோனி தன் வையோ லேப்டாப் சிலவற்றில் இந்தக் குப்பை இல்லாமல் தருவதற்கு 50 டாலர் தனியாகக் கேட்டது. ஊரே சிரித்ததும் அதை இலவசமாக்கியது. லெனோவோ கதை இன்னும் மோசம். 2014இன் கடைசியில் விற்ற சில மாடல்களில் சூப்பர்ஃபிஷ் என்று ஒன்றை ஏற்றி அனுப்பினார்கள். வேலை விளம்பரம் காட்டுவதுதான். ஆனால் அதற்காக, பூட்டுப் போட்ட இணையப் பக்கங்களுக்குள்ளும் புகுந்து பார்க்கும்படி இந்தப் பக்கத்தை நம்பலாம் என்று உலாவிக்குச் சொல்லும் சான்றிதழாகத் தன் சொந்தச் சான்றிதழையே கம்ப்யூட்டரில் நட்டுவைத்தது. எல்லா லேப்டாப்புக்கும் ஒரே சாவி. 2015 பிப்ரவரியில் ஒருவர் அந்தச் சாவியின் பாஸ்வேர்டை உடைத்து வெளியிட்டார். வீடெல்லாம் ஒரே சாவி, சாவி தெருவில் கிடக்கிறது என்ற நிலை. 2017இல் அமெரிக்காவின் 32 மாநிலங்களோடு 35 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள். "கடைசில எல்லாம் ஒரே பாஸ்வேர்டு கதைதான்" என்றாள் மருமகள். கடைப் பையனை நினைத்துச் சொன்னாள்.

கடைசிக்கு வைத்திருந்தது ஆன்டிவைரஸ். அன்இன்ஸ்டால் அழுத்தியதும் பெரிய நீலப் பட்டன்: பாதுகாப்பைத் தொடர்க. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், பட்டனா எழுத்தா என்றே தெரியாத ஒரு வரி: நீக்கு. அடுத்த பக்கத்தில் 60 சதவீதத் தள்ளுபடி. அதற்கடுத்து, நீக்கினால் உங்கள் புகைப்படங்கள் ஆபத்தில் என்று ஒரு பூட்டுப் படம். ஒவ்வொரு பக்கத்திலும் பட்டன்கள் இடம் மாறுகின்றன. வலதில் இருந்தது இடது, மேலே இருந்தது கீழே. ஐந்தாவது பக்கத்தில் ரீஸ்டார்ட் கேட்டது. ரீஸ்டார்ட் ஆகி வந்தால், அதே சிவப்புப் பெட்டி! உலாவிக்கான பாதுகாப்பு என்று அதே கம்பெனியின் இன்னொரு உருப்படி பட்டியலில் வேறு பெயரில், வேறு எழுத்தில் ஆரம்பித்து ஒளிந்திருந்தது. அதையும் எடுத்து, குரோமில் ஒட்டிக்கொண்டிருந்த எக்ஸ்டென்ஷனையும் எடுத்தோம். அப்போதும் அதன் சர்வீஸ் ஒன்று பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கென்று ஆன்டிவைரஸ் கம்பெனிகள் பலவும் தாங்களே ஒரு துடைப்பான் கருவியை வெளியிடுகின்றன. தேடினால் கிடைக்கும், ஆனால் தேடும் இடத்தில்தான் குழி. மருமகள் எனக்கு முன்னாலேயே புதன்கிழமை தேடியிருக்கிறாள். மேலே முதலில் வந்தது விளம்பரம், கம்பெனியின் சின்னத்தோடு ஒரு டோல்ஃப்ரீ எண். கூப்பிட்டிருக்கிறாள். இனிமையான குரலில் ஒருவர், திரையைப் பகிரும் ஆப் ஒன்றை ஏற்றச் சொல்லி, ஐந்து ரூபாய் மட்டும் கட்ட கார்டு எண் கேட்டிருக்கிறார். அவளிடம் கார்டு இல்லாததால் தப்பித்தாள்! "ஏன் இதை எங்கிட்டச் சொல்லலே?" என்றால் "திட்டுவீங்கன்னு" என்கிறாள். அப்படி யாராவது காசு போய் மாட்டினால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். பிறகு கம்பெனியின் முகவரியை நாமே டைப் செய்து, உதவிப் பக்கத்துக்குப் போய் அந்தக் கருவியை இறக்கி ஓட்டினோம். இன்னொரு ரீஸ்டார்ட். சத்தம் அடங்கியது.

ஆன்டிவைரஸ் இல்லாமல் எப்படி என்று அக்காவுக்குப் பயம். வேறொன்று இருக்கும்வரை விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபென்டர் ஒதுங்கி நிற்கும், அது போனதும் தானே எழுந்து நின்றுகொள்ளும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து பச்சை டிக்கைக் காட்டிய பிறகுதான் அக்கா நகர்ந்தாள்.

ஒரே கட்டளையில் எல்லாக் குப்பையையும் வாரும் ஸ்கிரிப்டுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆபீஸில் ஒருமுறை ஆசைப்பட்டு ஓட்டினேன். கால்குலேட்டரும் ஸ்டோரும் சேர்ந்து போய், அரை நாள் முதலாளி முகத்தைப் பார்க்க முடியாமல் சுற்றினேன். மொத்தமாகத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது இன்னும் சுத்தம்தான். ஆனால் இந்தக் காலத்து இன்டெல் லேப்டாப் சிலவற்றில் டிஸ்க்குக்கான விஎம்டி என்ற டிரைவரைத் தனியாக ஏற்றினால்தான் இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியும். சிலவற்றில் வைஃபை டிரைவரும் இருக்காது, போனை யூஎஸ்பியில் செருகித்தான் நெட் கொடுக்க வேண்டும். இந்த வீட்டில் அதற்குத் தேவை இல்லை என்று விட்டுவிட்டேன். நோட்டிஃபிகேஷன் பக்கத்தின் அடியில் இருக்கும் "யோசனை சொல்கிறேன்" வகை டிக்குகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

மாலை ஐந்தரைக்கு டாஸ்க் மேனேஜரில் 3.8 ஜிபி. தானாகக் கிளம்புகிறவர்கள் ஐந்து பேர். மருமகள் ப்ரோக்ராமை ஆறாவது முறையாகக் கம்பைல் செய்தாள். கறுப்புத் திரையில் ஹலோ வேர்ல்ட் வந்தது. ஃபைல் இருக்கிறதா என்று ஃபோல்டரை நாலு தடவை திறந்து பார்த்தாள்.

பட்டியலில் கடைசியாக சாலிட்டர் நின்றது. அதன் மேல் ரைட் கிளிக் செய்தபோது அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது.

"கண்ணு, அந்தச் சீட்டாட்டத்த மட்டும் எடுத்துறாதே. ராத்திரி இவ தூங்குன பொறவு நான் வெளையாடுவேன்."

விட்டுவிட்டேன். ஆட்டத்துக்கு நடுவே முப்பது விநாடி விளம்பரம் வருகிறதாம். அந்த நேரத்தில் பால் காய்ச்சிவிடுகிறாளாம்.