பிரெஞ்சு மூக்கொலிக்கு 'வந்தான்' போதும்

பிரெஞ்சு படிக்கத் தொடங்கும் நம்மவர்கள் முதல் வணக்கத்திலேயே 'போன்ழூர்' (bonjour) என்று அழுத்தமாக ஒரு 'ன்' போட்டுவிடுவார்கள். அந்த 'ன்' எழுத்தில் உண்டு, ஒலியில் கிடையாது. அதற்கு முன்னுள்ள உயிரைத்தான் மூக்கால் சொல்ல வேண்டும். அதுதான் மூக்கொலி உயிர்.

'ம்', 'ன்' சொல்லும்போது மெல்லண்ணம் (மேல்வாயின் பின்பக்க மென்பகுதி) கீழே இறங்கி மூக்குக்கு வழிவிடும். வாய் எங்காவது அடைபட்டிருக்கும். 'ம்' என்றால் உதட்டில், 'ன்' என்றால் நுனிநாக்கில். மூக்கொலி உயிருக்கு அந்த அடைப்பு இல்லை. வாய், மூக்கு இரண்டு வழியும் திறந்தே இருக்கும்.

நமக்கு இது புதிதே அல்ல. 'அவ வந்தா', 'அவன் வந்தான்' இரண்டையும் வீட்டில் பேசுகிற வேகத்தில் சொல்லுங்கள். 'வந்தான்' முடிவில் நாக்கு மேலே ஒட்டாது. வந்தது ஆணா பெண்ணா என்பதை அந்த வினைச்சொல்லில் காட்டுவது மூக்கில் கசியும் காற்றுதான். (இந்தியிலும் 'ஹை' ஒருமை, அதையே மூக்கால் சொன்னால் பன்மை.) 'தேன்', 'மீன்' வேண்டாம், அவை பேச்சில் 'தேனு', 'மீனு' ஆகிவிடும்.

சரியாக வருகிறதா என்று பார்க்க, கடைசி உயிரை நீட்டிக்கொண்டே மூக்கை விரலால் பிடித்து, பிறகு விட்டுப் பாருங்கள். 'வந்தா' மாறாது. 'வந்தான்' அடைத்த மாதிரி மாறும், ஆனால் நிற்காது. சத்தம் அடியோடு நின்றால் நாக்கு மேலே ஒட்டிவிட்டது, அதாவது 'ன்' போட்டுவிட்டீர்கள்.

பாரிஸ் பேச்சுக்கு மூன்று மூக்கொலி உயிர்கள் போதும். நான்காவது, 'ஒன்று' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லில் (un) வருவது, அங்கே பலர் பேச்சில் மற்றொன்றோடு கலந்துவிட்டது. பெல்ஜியத்தில் இன்னும் தனியாகக் கேட்கலாம். பேச்சுத் தமிழ் 'அவன்' முடிவு, திராட்சை மதுவுக்கான சொல்லுக்குக் (vin) கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். 'மரம்' முடிவில் உதட்டை நன்றாகக் குவித்தால் 'நல்ல' என்பதற்கான சொல்லின் (bon) உயிர். 'வந்தான்' முடிவில் நாக்கைப் பின்னுக்கு இழுத்தால் 'காற்று' என்பதற்கான சொல் (vent). இதில்தான் அதிகம் சறுக்கும்: நாக்கு முன்னால் வந்தால் காற்று மதுவாகிவிடும்.

அடுத்த சொல் உயிரில் தொடங்கினால், 'ஒரு நண்பன்' (un ami) என்பது போன்ற தொடர்களில், ஒளிந்திருந்த 'ன்' வெளியே வரும். 'வந்தானா?' என்று கேட்கும்போது நமக்கும் வருகிறதே, அதுபோலத்தான்.

சொல் நடுவில்தான் உண்மையான தொல்லை. தமிழ் நாக்கு அடுத்து வரும் மெய்க்கு ஏற்ற இன எழுத்தைச் செருகிவிடும்: 'ப'வுக்கு முன் 'ம்', 'க'வுக்கு முன் 'ங்'. அதனால் வணக்கச் சொல்லை முதலில் இரண்டாக வெட்டுங்கள். முன்பாதியை மூக்கொலி உயிரோடு முடித்து, வாயைத் திறந்தபடி ஒரு நொடி நிறுத்தி, பிறகு 'ழூர்'. இடைவெளியை மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.