றங்குப்பெட்டியிலிருந்து நூலகத்துக்கு

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கீரிமலையில் கிரியைகளை முடித்துக்கொண்டு வந்து, மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகத்தைக் கொடுப்பார்கள். நாங்கள் அதைக் கல்வெட்டு என்போம். இப்போது அட்டையில் நினைவு மலர் என்று போடுகிறார்கள். பிள்ளையார் துதி, பஞ்சபுராணம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், கடைசியில் வம்சாவளியும் நன்றி நவிலலும். வாசித்துவிட்டுச் சாமியறையிலோ அலுமாரிக்கு மேலேயோ வைப்போம். கொஞ்ச வருடத்தில் செல்லரித்துவிடும்.

ஐயா அப்படி விடவில்லை. தபாலதிபராக இருந்தவர். எந்தச் செத்தவீட்டுக்குப் போய் வந்தாலும் அந்தக் கல்வெட்டில் பென்சிலால் திகதியையும் உறவுமுறையையும் குறித்து றங்குப்பெட்டிக்குள் அடுக்குவார். கூடவே கோயில் கும்பாபிஷேக மலர்கள், வாசிகசாலை ஆண்டுவிழா நோட்டீஸ்கள், பாடசாலைச் சஞ்சிகைகள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரினால் யாழ்ப்பாண நகர்ப் பக்கமான வலிகாமத்துச் சனம் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது எங்கள் வீட்டிலிருந்து போன சில சாமான்களில் அந்தப் பெட்டியும் ஒன்று. மீசாலையில் ஒரு கொட்டிலுக்குள் மாரியைக் கழித்துவிட்டு எங்களோடு திரும்பி வந்தது. ஐயா காலமான பிறகு அதிலிருப்பதை எண்ணிமப்படுத்தி, அதாவது டிஜிட்டல் கோப்புகளாக்கி, நூலகம் என்ற இணையத்தளத்தில் சேர்ப்பதென்று முடிவெடுத்தேன். இதேபோல ஒரு பெட்டி இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால் அந்த வேலை போன விதத்தை எழுதுகிறேன்.

ஏன் நூலகம்? 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய இந்த எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை யாரும் இலவசமாக வாசிக்கும்படி வைத்திருக்கிறது. நூல்கள், இதழ்கள், பத்திரிகைகளோடு பிரசுரங்களுக்கும் சிறப்பு மலர்களுக்கும் நினைவு மலர்களுக்கும் அங்கே தனித்தனிப் பிரிவு உண்டு. ஒரு ஊரின் கதை அச்சான நூல்களில் இருப்பதைவிட இந்த ஒற்றைத் தாள்களிலும் மலர்களிலும்தான் அதிகம் இருக்கிறது என்பதை உணர்ந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. அச்சிட்ட நூலின் பிரதிகளை அச்சகத்தார் அரசுக்குக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் இலங்கையில் 1885இலேயே வந்துவிட்டது. ஆனால் இருநூறு முந்நூறு பிரதி அடித்து ஒரே மதியத்தில் பகிர்ந்து முடிக்கிற கல்வெட்டை எந்தச் சட்டம் பிடிக்கும்?

முதல் வேலை பெட்டியைத் திறந்து பிரிப்பது. இதை மாரி காலத்தில் செய்யக் கூடாது. ஈரக் காற்றில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போகும். வெயிலில் காயப்போடுவதும் பிழை, மலிவுத் தாள் இன்னும் பழுத்து நொறுங்கும். நிழலில், காற்றோட்டமான அறையில், பழைய பருத்தி வேட்டியை விரித்து அதன் மேல் பரப்பினேன். மென்மையான தூரிகையால் தூசு தட்டி, தாள்களைப் பிணைத்திருந்த துருப்பிடித்த கம்பிகளின் கால்களைத் தட்டையான முனையால் நிமிர்த்தி, பின்பக்கமாகக் கழற்றினேன். இழுத்தால் தாள் கிழியும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே வேண்டாம். எழுபதுகளில் யாரோ அன்பாக ஒட்டிய டேப்தான் பல பக்கங்களில் எழுத்தையே மண்ணிறமாக்கி விழுங்கியிருந்தது.

மின்வருடலை (ஸ்கேன் செய்வதை)ப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்துப் பக்கங்களை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியிலும் படங்களை 600இலும் எடுத்தேன். மூலக் கோப்பை அமுக்காமல் வைத்து, வாசிப்புக்குத் தனியாக ஒரு பிடிஎப். அட்டை, பின்னட்டை, வெறும் பக்கம் எல்லாம் வேண்டும். அச்சகத்தின் பெயர் பின்னட்டையின் அடியில்தான் இருக்கும், ஐயாவின் பென்சில் குறிப்பு வெறும் பக்கத்தில்தான் இருக்கும். முதுகு விறைத்த மலர்களைக் கண்ணாடியில் வைத்து அழுத்தாமல் மேலிருந்து படம் பிடித்தோம். உதவிக்கு வந்த உயர்தர வகுப்பு மாணவர்கள் இரண்டொரு நாளில் என்னைவிடக் கெட்டிக்காரர் ஆகிவிட்டார்கள்.

உண்மையான வேலை விவரம் எழுதுவதில் இருந்தது. நூலகத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண் உண்டு. ஆசிரியர், வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று நிரப்ப வேண்டும். கல்வெட்டில் ஆண்டு எங்கே இருக்கிறது? பலவற்றில் அட்டையே இல்லை. அப்போது கைகொடுத்தது திதி வெண்பா. அதில் ஆண்டின் பெயர், மாதம், பட்சம், திதி எல்லாம் இருக்கும். ஒன்றில் விகாரி ஆண்டு ஆடி மாதம் என்றிருந்தது. அறுபது ஆண்டுச் சுற்றில் விகாரி 1899இலும் வரும், 1959இலும் வரும். வரலாற்றுப் பகுதியில் பேரன் ஒருவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார் என்று ஒரு வரி. பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் போனது 1952இல். ஆகவே 1959. இன்னொரு நுணுக்கம்: பங்குனியில் இறந்தவரின் கல்வெட்டு சித்திரை பிறந்த பிறகுதான் வெளிவரும். வெண்பாவின் ஆண்டும் வெளியீட்டின் ஆண்டும் அங்கே வேறுபடும். அச்சகப் பெயரும் உதவும். சுன்னாகம் திருமகள் அழுத்தகம் என்று கண்டால் எந்தக் காலம் என்று ஊர்ப் பெரியவர்கள் ஓரளவு மட்டுக்கட்டிவிடுவார்கள்.

ஆண்டு கிடைத்த பிறகு ஆட்கள். படத்தில் நிற்பவர் யார், வம்சாவளியில் வரும் சின்னத்தம்பிகள் பலரில் இவர் எந்தச் சின்னத்தம்பி? இதற்கு ஒரே வழி மாமியைப் போன்றவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவது. எண்பது கடந்த மாமி முதலில் முகம் சுளித்தார். "செத்தவீட்டுப் புத்தகத்தை ஆர் பிள்ளை வாசிக்கப் போயினம்?" அரை மணி நேரத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இவர் மலாயன் பென்சனியர் எல்லே, இவற்ற வளவுக்கு அப்ப வேற பேர்" என்று தொடங்கினார். மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்கள், தென்னிலங்கையில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர்கள், குறிச்சிப் பெயர்கள், காணிப் பெயர்கள். கிராம சேவையாளர் பிரிவு இலக்கங்கள் வந்த பிறகு நாங்கள் வாயால் சொல்வதையே விட்ட பெயர்கள் அந்தப் புலம்பல்களுக்குள் கிடந்தன. ஒவ்வொன்றையும் மாமி சொன்னபடியே குறிப்பில் ஏற்றினேன். மின்வருடல் கருவியை அடுத்த வருடமும் வாங்கலாம், மாமியின் ஞாபகத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. வீட்டில் பெட்டி இருந்தால் முதலில் இந்த வேலையைத் தொடங்குங்கள்.

பெட்டியில் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்வெட்டு அச்சிடக் காசு வேண்டும், பாட்டெழுதப் புலவர் வேண்டும். எங்கள் ஊரில் தோட்டக் கூலிக்குப் போனவர்கள், கள்ளுச் சீவல் தொழில் செய்தவர்கள், துணி வெளுத்தவர்கள் ஐயாவின் பெட்டியில் அனேகமாக இல்லை. பெண்களின் கல்வெட்டுகளில் முன்னட்டையில் கணவரின் பெயர்தான் பெரிய எழுத்தில். ஒருவர் ஆசிரியையாக இருந்தார் என்பதை மக்கள் புலம்பலின் நடுவில் ஓரடியில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இந்தச் சேகரிப்பை அப்படியே ஊரின் வரலாறு என்று ஏற்றுவது அநியாயம். அதனால் அச்சில் வராத குடும்பங்களிடம் போய் அவர்களுடைய பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். ஒலிப்பதிவுகளுக்கும் படங்களுக்கும் கடிதங்களுக்கும் நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் தளம் இருக்கிறது.

அனுமதி கேட்பதுதான் மிகவும் பொறுமை தேவைப்பட்ட கட்டம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை இருக்கிறது. கல்வெட்டைப் பாடிய புலவர் ஒருவர், வெளியிட்ட குடும்பம் வேறு. இரு பக்கத்திலும் கேட்டேன். பெரும்பாலானோர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். ஒரு குடும்பம் மறுத்தது. வம்சாவளியில் உயிரோடிருக்கும் பிள்ளைகளின் பெயரும் வெளிநாட்டு ஊரும் இருக்கின்றன, அது வெளியே வர வேண்டாம் என்றார்கள். இன்னொரு வீட்டில் போரில் போன மகனின் பெயரைத் தாய் பார்க்கத் தாங்கமாட்டார் என்றார்கள். அவற்றை ஏற்றவில்லை. தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், காலம் வரும்போது அவர்களே சொல்லட்டும். எல்லாவற்றையும் உடனே திறந்துவிட வேண்டும் என்று வாதிடுவோருக்கு நான் உடன்பாடில்லை. ஆவணத்தைக் காப்பதும் அதைக் காட்டுவதும் வேறு வேறு வேலைகள்.

ஐயாவின் குறிப்புகளில் ஒன்று இன்னும் மனதில் நிற்கிறது. துன்மதி ஆண்டுக் கல்வெட்டு ஒன்றின் உள்ளட்டையில் "நூல்நிலையம் எரிந்த கிழமை" என்று எழுதியிருந்தார். 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போயின. அதே நாள்களில் ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது. 1933இல் செல்லப்பா என்பவர் தன் வீட்டில் தொடங்கிய வாசிப்பு முயற்சி வளர்ந்து, 1959இல் புதிய கட்டடம் திறந்து, இருபத்திரண்டு ஆண்டில் சாம்பலானது. வீடுகளில் மிஞ்சிய பிரதிகளைப் பிறகு வந்த இடப்பெயர்வுகள் கொண்டுபோயின. ஒரு பெரிய கட்டடத்தில் சேர்த்ததும் தப்பவில்லை, வீடு வீடாகச் சிதறிக் கிடந்ததும் தப்பவில்லை. அதனால்தான் பல இடங்களில் பல பிரதி என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் பத்திரிகை நறுக்குகளைச் சேர்த்து நுண்படமாக்கப் பாடுபட்டதையும், என். செல்வராஜா நூல்தேட்டம் தொகுதிகளில் தொகுதிக்கு ஆயிரம் ஈழத்து நூல்களாக விவரம் பதிந்ததையும் இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். எதை இழந்தோம் என்பதைச் சொல்வதற்கே ஒரு பட்டியல் வேண்டியிருக்கிறதே.

ஏற்றியவை பார்வைக்கு வந்த பிறகு ரொறன்ரோவிலிருந்து ஒருவர் எழுதினார். அவருடைய பூட்டனாரின் கல்வெட்டில் வம்சாவளி அச்சாகும்போதே இரண்டு சகோதரிகளின் பெயர் மாறிப் போயிருந்ததாம். சான்றாகத் திருமண அழைப்பிதழின் படத்தையும் அனுப்பியிருந்தார். அச்சில் உள்ளதைத் தொடாமல், திருத்தத்தையும் அதைத் தந்தவரின் உறவையும் குறிப்பில் சேர்க்கக் கொடுத்தோம். மூலத்தை மாற்றாமல் பக்கத்தில் எழுதுவது நல்ல வழி.

மூலப் பிரதிகள் இப்போது அமிலமில்லாத உறைகளில், நிலத்திலிருந்து உயர்த்திய இரும்பு அலுமாரியில், எங்கள் ஊர் வாசிகசாலையில் இருக்கின்றன. கோப்புகளின் ஒரு பிரதி என்னிடம், ஒன்று கொழும்பில் தம்பியிடம். வருடத்துக்கொரு தடவை இரண்டையும் திறந்து கோப்புகள் பழுதில்லாமல் இருக்கின்றனவா என்று பார்க்கிறோம். அடுத்தது கோயில் கணக்குக் கொப்பிகள். தர்மகர்த்தா சபை கூடி அனுமதி தருவதாகச் சொல்லியிருக்கிறது. மாரி தொடங்குமுன் கொப்பிகளைக் கையில் எடுத்துவிட வேண்டும்.