ஹோண்டா பான் யூரோப்பியன்: காலிப்பர் சீல் மாற்றிய பிறகு இணைப்பு பிரேக்கில் ஏர் எடுத்த அனுபவம்

ஹோண்டா எஸ்டி1300 பான் யூரோப்பியன் 2002-ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த மோட்டார் சைக்கிள். என்னிடம் இருப்பது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) பொருத்தப்பட்ட வகை. இங்கிலாந்தில் குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பு ஆண்டுக்கணக்கில் ஊறியதில், சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அரைச் சுற்றுக்குள் நின்றுவிடும் நிலை உருவாகியிருந்தது. மூன்று காலிப்பர்களையும் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேடுகளால் இறுக்கிப் பிடிக்கும் பாகங்கள்) கழற்றி, அவற்றின் பிஸ்டன்களைச் சுற்றியுள்ள ரப்பர்ச் சீல்களை மாற்றுவதென்று முடிவு செய்தேன். சீல் மாற்றுவது பொறுமையான வேலைதான், ஆனால் கடினமானதன்று. இந்த வண்டியில் உண்மையான சோதனை அதற்குப் பிறகு ஏர் எடுக்கும்போதுதான், அதாவது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போதுதான், தொடங்குகிறது என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் குழாய்கள் ஓடும் வழியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு காலிப்பரிலும் மூன்று பிஸ்டன்கள் உள்ளன. கை லீவரைப் பிடித்தால் முன் காலிப்பர்கள் இரண்டிலும் ஓரத்துப் பிஸ்டன்கள் மட்டும் வேலை செய்யும். கால் பெடலை மிதித்தால் பின் காலிப்பரின் நடுப் பிஸ்டனும், தாமத வால்வு வழியாக முன் காலிப்பர்களின் நடுப் பிஸ்டன்களும் இயங்கும். பின் காலிப்பரின் ஓரத்துப் பிஸ்டன்களை இயக்குவது கையும் அன்று, காலும் அன்று. முன் இடது காலிப்பர்தான். அந்தக் காலிப்பர் அசையாமல் இறுக்கப்பட்டதன்று; ஓர் அச்சில் சற்றே திரும்பும்படி அமைக்கப்பட்டது. வண்டி முன்னோக்கி ஓடும்போது ஃபோர்க்குக்குப் பின்புறத்தில் டிஸ்க் மேல்நோக்கிச் சுழல்வதால், பேடுகள் பிடித்தவுடன் காலிப்பரும் அதனோடு மேலே இழுபட்டு, அங்கே இருக்கும் சிறிய இரண்டாம் மாஸ்டர் சிலிண்டரின் (ஆயிலை அழுத்தி அனுப்பும் பாகம்) தண்டை அழுத்துகிறது. அந்த அழுத்தம் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு வழியாகப் பின்னால் போகிறது. லீவரைப் பிடித்தாலும் பெடலை மிதித்தாலும் இரண்டு சக்கரங்களும் பிடிப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம்; இணைப்பு பிரேக் என்பது இதைத்தான்.

இதில் உள்ள பலவீனமும் அந்தச் சிறிய சிலிண்டர்தான். பிரேக்கை விட்டதும் பின்னாலிருந்து ஆயில் திரும்பி வருவதற்கு அதற்குள் மிக நுண்ணிய துளை ஒன்று இருக்கிறது. பழைய ஆயில் கெட்டியாகி அத்துளையை அடைத்தாலோ, துரு ஏறிப் பிஸ்டன் முழுமையாகத் திரும்பாவிட்டாலோ, அழுத்தம் பின் காலிப்பரிலேயே சிறைப்பட்டுவிடும். ஓட்டுபவர் பெடலைத் தொடாமலேயே பின் பிரேக் உரசிக்கொண்டிருக்கும், டிஸ்க் சூடேறும், சூடேறிய ஆயில் விரிந்து இன்னும் இறுக்கும். இதே வகைச் சிலிண்டர் உள்ள கோல்டு விங் ஜிஎல்1800 வண்டிகளை, பின் பிரேக் உரசித் தீப்பிடிக்கும் அபாயம் கருதி, ஹோண்டா 2011-இல் திரும்ப அழைத்தது. ஆகவே பின் சக்கரம் இறுகும் வண்டியில் பின் காலிப்பரை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்வது அரை வேலைதான். இந்தச் சிலிண்டரையும் ஒரு காலிப்பராகவே எண்ணி, கூடவே பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிரிப்பதற்கு முன் ஏபிஎஸ் அலகைக் காப்பாற்றும் வழியை யோசித்தேன். காற்று காலிப்பரில் மட்டும் இருந்தால் சாதாரண முறையிலேயே வெளியேற்றிவிடலாம். அது மேலேறி அலகுக்குள் போய்விட்டால் வேலை பல மடங்காகும். பல வண்டிகளில் அலகின் உள்ளே இருக்கும் வால்வுகள் மூடிய அறைகளைக் காக்கின்றன. அங்கே சிக்கிய காற்றை, கணினிக் கருவியால் வால்வுகளைத் திறந்துதான் வெளியேற்ற முடியும். எனவே லீவரையும் பெடலையும் அழுத்திப் பிஸ்டன்களைப் பாதிக்கு மேல் வெளியே வரவைத்துவிட்டு, முழுவதும் கழன்று விழுவதற்கு முன்பே நிறுத்தினேன். ஓஸைக் காலிப்பரோடு இணைக்கும் பேஞ்சோ போல்ட்டைக் கழற்றிய கையோடு ஓஸின் வாயை ரப்பர் மூடியால் அடைத்து, உயரத் தூக்கிக் கட்டிவைத்தேன். மேலே உள்ள தொட்டிகள் வற்றாமல் நிரம்பியே இருந்தன. எஞ்சிய பிஸ்டன்களைக் காலிப்பரை மேசையில் வைத்து, எதிரே மரத்துண்டு கொடுத்து, குறைந்த அழுத்தக் காற்றால் வெளியே எடுத்தேன்.

காலிப்பருக்குள் இருந்த நிலை பார்க்கத் தக்கது. பிஸ்டன்கள் துணியால் துடைத்ததும் பளபளத்தன. குறை அவற்றில் இல்லை. சீல் அமரும் பள்ளங்களுக்குள் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் படிந்து, சீலைப் பின்னாலிருந்து தள்ளிப் பிஸ்டனின் மேல் நெருக்கியிருந்தது. சதுர வெட்டுள்ள அந்தச் சீல் பிரேக் பிடிக்கும்போது சற்று முறுகி, விட்டதும் நேராகித்தான் பிஸ்டனைப் பின்னே இழுக்கிறது. அது முறுக இடமில்லாவிட்டால் பிஸ்டன் திரும்பாது. பித்தளைக் கம்பியால் பள்ளத்தைச் சுரண்டினேன். எஃகு பட்டால் பள்ளத்தில் கீறல் விழும். புதிய சீல்களுக்குப் புதிய பிரேக் ஆயிலையே தடவி அமர்த்தினேன். பெட்ரோலோ சாதாரண கிரீஸோ இந்த ரப்பரை ஊதிப் பெருக்கிவிடும் என்பதால் அவை மேசைக்கு அருகிலேயே வரக் கூடாது. பேஞ்சோ போல்ட்டுகளுக்குப் புதிய வாஷர்கள் போட்டு 34 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன்.

இனி ஏர் எடுத்தல். பயன்படுத்தியது டாட் 4 ஆயில். சிலிக்கோனால் ஆன டாட் 5 இவ்வண்டிக்கு ஆகாது. காலியான காலிப்பர்களைச் சிரிஞ்சு கொண்டு கீழிருந்து மெதுவாக நிரப்பினேன். காற்றுக்கு மேலே ஏறுவதுதான் இயல்பு என்பதால் இது பெரும்பகுதியை முதலிலேயே அகற்றிவிடுகிறது. உறிஞ்சு பம்பை நான் விரும்புவதில்லை. நிப்பிளை (காலிப்பரில் ஆயிலும் காற்றும் வெளியேறத் திறக்கும் சிறு திருகு) தளர்த்தியதும் மரைகளின் வழியே வெளிக்காற்று கசிந்து வந்து குழாயில் குமிழிகளாகத் தெரியும்; அது உள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய முடியாது. அழுத்திப் பிடித்து, நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே லீவரை விடும் பழைய முறை மெதுவானதானாலும் கண்ணால் காண்பதை நம்பலாம்.

லீவர் பக்கம் விரைவில் முடிந்தது. இடது, வலது ஓரத்து நிப்பிள்களில் குமிழி நின்றதும் லீவர் கல்லாக இறுகியது. பலர் இந்த இடத்தில் திருப்தியடைந்து விடுகிறார்கள். இணைப்பு பிரேக்கில் லீவர் இறுகுவது முன் காலிப்பர்களின் ஓரத்துப் பிஸ்டன்களைப் பற்றி மட்டுமே சொல்கிறது. மீதிப் பாதியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

பெடல் பக்கத்தில் முன் இடது நடு நிப்பிள், முன் வலது நடு நிப்பிள், பின் காலிப்பரின் நடு நிப்பிள், இறுதியாகப் பின் ஓரத்து நிப்பிள் என்ற வரிசையில் சென்றேன். முதல் மூன்றும் சுத்தமாயின. பெடலின் ஆயில் இரண்டாம் சிலிண்டரைக் கடந்துதான் கடைசி நிப்பிளை அடையும். அங்கே ஆயில் வரத்தான் செய்தது; ஆகவே இரண்டாம் சிலிண்டரின் துளை திறந்தே இருக்கிறது என்பது உறுதியாயிற்று. (பெடலை மிதித்தும் அங்கே ஆயில் சொட்டாவிட்டால் அடைப்பு அந்தச் சிலிண்டரில் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.) ஆனால் குமிழிகள் நிற்கவில்லை. பெடலும் பாதி தூரம் இறங்கிய பிறகே பிடித்தது.

காரணம் அந்தச் சிலிண்டர் வண்டியில் அமர்ந்திருக்கும் கோணம். அதன் உட்புறத்து உயரமான மூலையில் காற்று தங்கிவிடுகிறது. பெடலிலிருந்து வரும் ஆயில் அதன் அடியாகவே ஓடிப் போய்விடுகிறது. எனவே இடது காலிப்பரையும் சிலிண்டரையும் ஃபோர்க்கிலிருந்து கழற்றி, ஓஸ் இழுபடாதவாறு தாங்கிப் பிடித்து, ஆயில் வெளியேறும் வாய் மேலே வருமாறு சாய்த்தேன். டிஸ்க் இல்லாத காலிப்பரில் பெடலை மிதித்தால் நடுப் பிஸ்டன் வெளியே வந்துவிடும் என்பதால், பேடுகளுக்கு நடுவே டிஸ்க் அளவுக்குச் சீவிய மரப்பலகையைச் செருகினேன். நண்பர் ஒருவர் பின்னால் நிப்பிளைத் திறந்து மூட, நான் சிலிண்டரின் தண்டைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி விட்டேன். ஊசிமுனை அளவுக் குமிழிகள் சரம் சரமாக வந்து, பிறகு பெரிய குமிழி ஒன்று குழாயை முழுவதும் அடைத்துக்கொண்டு நகர்ந்து சென்றது. அதன் பின் வந்தது தெளிந்த ஆயில் மட்டுமே. காலிப்பரைத் திரும்பப் பூட்டியதும் பெடல் மேலேயே பிடித்தது.

இதன் பிறகு செய்ய வேண்டிய சோதனை எளியது; என்றாலும் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின் சக்கரத்தைச் சுற்ற, மற்றவர் முன் இடது காலிப்பரைக் கையால் மேல்நோக்கி ஃபோர்க்கின் பக்கம் தள்ள வேண்டும். தள்ளியதும் பின் சக்கரம் நிற்க வேண்டும். கையை எடுத்த கணமே தடையின்றிச் சுழல வேண்டும். பிடிப்பதைப் போலவே விடுவதையும் உற்றுப் பார்க்க வேண்டும். மெதுவாக விடுபட்டால் சிலிண்டரை மீண்டும் திறப்பதே சரி. ஓடி ஓடிச் சரியாகும் என்று விடக் கூடாது. என் வண்டியில் சக்கரம் உடனே விடுபட்டது.

பிறகு ஆளில்லாத சரளைப் பாதையில் குறைந்த வேகத்தில் ஓட்டி, லீவரையும் பெடலையும் தனித்தனியே அழுத்தி ஏபிஎஸ் துடிப்பதை உறுதி செய்துகொண்டேன். வண்டி நகர்ந்ததும் எச்சரிக்கை விளக்கு அணைந்தது. அலகின் மூலையில் ஒட்டியிருந்த சிறு குமிழி எதுவும் அந்தத் துடிப்பில் நகர்ந்திருக்கலாம் என்று, வீடு திரும்பியதும் ஆறு நிப்பிள்களையும் மறுபடி திறந்து பார்த்தேன். பின் ஓரத்து நிப்பிளில் மட்டும் சிறு குமிழி ஒன்று வந்தது. அடுத்த முறை ஆயில் மாற்றும்போது அந்த நிப்பிளுக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் ஆயில் செலவிடப் போகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் அந்த ஆயிலில் மிகக் குறைவாக அசைவதும், அதிகமாகச் சூடேறுவதும் அங்கேதான்.